ஆறெழுத்துக்குள் ஒரு மதியச் சாப்பாடு

அன்று காலை ஓட்டல் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: சமையல்காரர் காதர் பாய், அறைகளைப் பெருக்கித் துடைக்கும் அம்சா அக்கா, நான். மேனேஜர் தாமோதரன் சார் அங்கே இல்லை. முதலாளியின் டெலிபோன் வரும் என்று வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் ஒரு அண்டா இருந்தது. அண்டாவுக்குள் ஆங்கில எழுத்துகள் வெந்துகொண்டிருந்தன.

இதை எழுதச் சொன்னது எங்கள் வரவேற்பறைப் பிள்ளைகள். நான் ஓய்வு பெற்ற அன்று வாசலில் இருக்கும் பெரிய டி.வி.யில் என் பெயரையும் படத்தையும் போட்டு, பூ தூவுகிற மாதிரி ஏதோ செய்தார்கள். எவ்வளவு நீளமான வார்த்தையும் அதில் ஓடும். ஒரு பெண் கேட்டது, “அங்கிள், அந்தக் காலத்துல எழுத்து தீர்ந்துபோகும்னு சொல்வீங்களே, எழுத்து எப்படித் தீர்ந்துபோகும்?” தீர்ந்துபோகும் அம்மா. வெந்தும் போகும்.

நான் செங்கல்பட்டுக்காரன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவினேன், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், கிடைத்ததையெல்லாம் செய்தேன். எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஓட்டல் ஒன்று திறந்தபோது பெட்டி தூக்கும் வேலைக்குப் போனேன். எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் தாமோதரன் சார் என்னைப் பெட்டி தூக்குவதிலிருந்து எடுத்து போர்டு வேலையில் போட்டார். “பயந்தவன்தான் எழுத்தைத் தொலைக்க மாட்டான்” என்றார்.

போர்டு என்றால் சாப்பாட்டுக் கூடத்துத் தூணில் மாட்டியிருந்த மெனு போர்டு. கறுப்புத் துணி ஒட்டிய பலகை, குறுக்கே வரி வரியாக வெட்டிய காடி. வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகளின் முதுகில் இரண்டு குச்சி இருக்கும். அதைக் காடியில் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். தூண் ஒல்லி. அதனால் போர்டும் ஒல்லி. ஐந்து வரி, வரிக்கு ஆறு எழுத்து. ஏழாவது எழுத்துக்கு இடம் கிடையாது. வார்த்தையை உடைத்து அடுத்த வரியில் போடக்கூடாது என்பது சாரின் சட்டம். ஆறு எழுத்தே வந்தால் உத்தமம், குறைந்தால் நடுவில் வைக்க வேண்டும்.

இங்கிலீஷ் எனக்கு அர்த்தமாக வரவில்லை, நீளமாகத்தான் வந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். MUTTON ஆறு, சேரும். POTATO ஆறு, சேரும். கோழி சேராது. அது ஏழு. வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் கேட்பதே கோழிதான், ஆனால் எங்கள் தூணில் அது ஏறியதே இல்லை. காதர் பாய் தினமும் திட்டுவார். “இன்னா தம்பி, கோழி இன்னா பாவம் பண்ச்சு? தூணு ஒல்லியா கீதுன்னு கோழிய ஒதுக்கி வச்சுட்டீங்க.” புட்டிங்கும் கஸ்டர்டும்கூட ஏழு. அவையும் வெளியே.

தாமோதரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தினமும் காலையில் போர்டுக்கு எதிரே வந்து நின்று, கடைசி வரியின் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படிப்பார். நேராகப் படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம், தப்பு தெரியாதாம். ஒவ்வொரு எழுத்தாக உதடு அசையும். முதல் வரியின் முதல் எழுத்துக்கு வந்ததும் “ம்” என்பார். அந்த “ம்”தான் எனக்கு அன்றைய நாஸ்தா.

அவருக்கு ஆகாத ஒன்று உண்டு. பெட்டியில் E சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் 3-ஐத் தலைகீழாகத் திருப்பி E ஆக்குவேன். 7-ஐத் திருப்பி L ஆக்குவேன். கண்டுபிடித்துவிடுவார். “கோதண்டம், இது எழுத்து இல்லை, வேஷம். நம்ம ஓட்டல்ல வேஷம் கூடாது” என்று விரல் நுனியால் பிடுங்கி என் கையில் வைப்பார். போட்டதை எடுத்துவிட்டு, உள்ள எழுத்தில் வருகிற வேறு பதார்த்தத்தைத் தேட வேண்டும்.

ஏன் தேட வேண்டும் என்றால், இன்னொரு பெரிய சட்டம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு என்ஜினியர் குடும்பத்தோடு வந்தார். போர்டில் முந்தின நாள் மட்டன் அப்படியே நின்றிருந்தது, அடுப்பில் மட்டன் இல்லை. அவர் சண்டை போடவில்லை. “போர்டுல இருக்கு, தட்டுல இல்லையே. வரட்டும், காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். குழந்தைகள் கடலுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தன. அவர் அசையவில்லை. கடைசியில் சார் டாக்சி வைத்துத் திருக்கழுக்குன்றத்திலிருந்து கறி வாங்கி வரச் செய்தார். செய்தி முதலாளி காதுக்குப் போனது. அன்றிலிருந்து சட்டம் வந்தது: போர்டில் இருப்பது மேசையில் இருக்க வேண்டும். மேசையில் இருப்பது போர்டில் இருக்க வேண்டும். சோற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டும் விலக்கு.

இப்போது அண்டாவுக்கு வருகிறேன்.

எனக்கு வேலை நிரந்தரம் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம். முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு வெளிநாட்டுக் குழுவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருவதாகச் செய்தி வந்தது. குழுவுக்குக் கடல் சாப்பாடு என்று வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின நாள் சார் என்னைக் கூப்பிட்டார். “கோதண்டம், நாளைக்கு போர்டு சரியா இருந்தா உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடச் சொல்வேன். இல்லைன்னா நீ வேற இடம் பார்க்கிறது நல்லது. அப்புறம், எழுத்தெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கு. கழுவு.”

வேறு இடம் என்றால் சைக்கிள் கடைதான். வீட்டில் இரண்டு தங்கச்சிகள். அன்று தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு, சோப்பு வாங்க பஜாருக்குப் போனேன். திரும்பி வந்தால் பெட்டி காலி. அம்சா அக்கா அண்டா முன்னால் கரண்டியோடு நிற்கிறது. பித்தளைப் பாத்திரம் விளக்குவதற்குக் காதர் பாய் கொதிக்கவைத்திருந்த புளித் தண்ணீர் அது.

“இன்னாக்கா பண்ற?”

“உனுக்கு ஒத்தாசைதான்டா. மஞ்சாவா கீதுன்னு சாரு சொல்லிக்கினு இருந்தாரே. பித்தளைக்கு ஆவுது, இதுக்கு ஆவாதா? பாரு, எப்டி பளபளன்னு வர்து.”

பளபளவென்றுதான் வந்தன. ஆனால் வெளியே எடுக்க எடுக்க ஒவ்வொன்றும் வற்றல் மாதிரி சுருண்டிருந்தது. L தூண்டில் முள்ளாகியிருந்தது. எண்களும் சேர்ந்து வெந்திருந்தன. E எல்லாம் மூன்று காலையும் மடக்கிக்கொண்டு எறாவாக மாறியிருந்தன. காதர் பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“உப்பு போட்டியா அம்சா?”

மெட்ராஸுக்குப் பஸ் பிடித்துப் புது எழுத்து வாங்கி வருவதற்குள் குழு சாப்பிட்டு ஊருக்கே போய்விடும். சாக்பீஸ் துணியில் பிடிக்காது. அம்சா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. “ஐயோ, உன் பொயப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனா” என்றது.

மிஞ்சியவை இரண்டு இடத்தில் இருந்தன. முந்தின நாள் மெனு தூணில் அப்படியே இருந்தது: TOMATO, MUTTON, POTATO, RADISH, BANANA. ஐந்து வரியும் ஆறாறு எழுத்து. சார் இரண்டு தடவை “ம்” சொன்ன மெனு. அதில் முப்பது எழுத்து. இன்னொன்று, யாரும் கூப்பிடாத எழுத்துகளைத் தனியாக ஒரு பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். J, K, Q, V, X, Z, ஒவ்வொன்று. அவ்வளவுதான் ஆஸ்தி. ஒரு E கிடையாது.

பழைய மெனுவையே விட்டுவிடலாம் என்றால் கடல் சாப்பாடு என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. எல்லா எழுத்தையும் பிடுங்கி வந்து தாம்பாளத்தில் பரப்பினேன். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம்.

“வஞ்சிரம் வாங்கி வச்சுகினு கீறேன். அத்தப் போடு” என்றார் காதர் பாய்.

“SEER. அதுக்கு ரெண்டு E வேணும் பாய்.”

“நண்டு?”

“C இல்ல.”

“சும்மா மீனுன்னு போட்டுடு, யாரு கேக்கப் போறா.”

“F இல்ல பாய்.”

“பேஜாராப் போச்சே. இன்னாதான்யா வச்சுகினு கீற?”

ஒன்று இருந்தது. கணவாய். SQUID. எல்லா எழுத்தும் தாம்பாளத்தில் இருந்தன. பெட்டி வந்த நாளாகச் சும்மா கிடந்த Q-வுக்கும் வேலை வந்துவிடும். சந்தோஷமாகச் சொன்னேன். காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

“கணவாயா? தொரைங்க ரப்பர்னு துப்பிடுவாங்க. வேற சொல்லு.”

முதலில் TOMATO-வை அப்படியே எடுத்து ஓரம் வைத்தேன். தக்காளி சூப் என்றால் யாருக்கும் கோபம் வராது. எறாவுக்கு ஒரு W வேண்டும். W எல்லாம் அண்டாவில். பி, ஆர், ஏ என்று எடுத்து வைத்து நடுவில் பல் விழுந்த மாதிரி இடம் விட்டு, அழுகிற நிலைமையில் இருந்தேன். அம்சா அக்கா எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அதன் முழங்காலருகே கிடந்த N-ஐ எடுக்க எழுந்து அந்தப் பக்கம் போய்க் குனிந்தேன். அங்கிருந்து பார்த்தால், மட்டனிலிருந்து வந்த M கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு W ஆகப் படுத்திருந்தது.

“அக்கா, அசையாத.”

“ஏன்டா, தேளா?”

PRAWNS. ஆறு எழுத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி சாரின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. வேஷம் கூடாது.

“வேஷம் போட்டாத்தான் இன்னிக்குச் சோறு” என்றார் காதர் பாய். “மேல ஆவுற கதையப் பாரு. ஸ்வீட்டு இன்னா?”

மிச்சத்தில் B ஒன்று, D ஒன்று, O சிலது. நான் வாழைப்பழத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காதர் பாய், “பூந்தி போடுவியா? கடல மாவு கீது” என்றார். எண்ணினேன். BOONDI. ஆறு. வெளிநாட்டுக்காரருக்குப் பூந்தியா என்று கேட்டால், அவர்களுக்கு எழுத்து கிடைத்ததைத்தான் கொடுக்க முடியும்.

இன்னும் இரண்டு வரி. K-ஐக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்சம் கிடந்ததில் பெரும்பாலும் A-வும் T-யும்தான். T நாலு. காதர் பாய் தாம்பாளத்தை வெறித்துப் பார்த்தார்.

“எங்க சின்ன மச்சான் ஆம்பூர்ல ஓட்டல் வச்சுகினு கீறான். அவன் போர்டுல பிரியாணிக்குப் பக்கத்துல கட்டான்னு இங்கிலீஷ்ல எழுதி வச்சிருப்பான். கத்திரிக்கா கட்டா, புளிக் கொழம்பு மாதிரி. ரெண்டு டி வரும், K வரும், அது நிச்சயம். நடுவுல ஒரு H கூட நிக்கும்.”

KHATTA. ஆறு. நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் மேல் எப்போதும் வெங்காய வாசனை அடிக்கும். அன்று அது சந்தனம்.

“ஆனா பாய், இது இங்கிலீஷே இல்லியே.”

“பூந்தி மட்டும் லண்டன்ல பொறந்துச்சா?”

கடைசி வரி. கடல் சாப்பாட்டுக்கு எறா மட்டும் போதாது, ஒரு மீனாவது வேண்டும். மிஞ்சியவை A இரண்டு, T இரண்டு, N, O, U, அப்புறம் டப்பாவின் வேண்டாத பிள்ளைகள். கொஞ்ச நாள் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் கரையில் கிடந்த சூரை மீனைப் பார்த்துக் குதித்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற என்னிடம் அந்த மீனின் பெயரை மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். நாலு எழுத்து என்று அன்றே எண்ணி வைத்திருந்தேன். TUNA.

காதர் பாய் எழுந்தேவிட்டார். “சூரையா? கருவாட்டுக்குப் போடற மீன முதலாளி தட்டுல வைக்கிறதா? நான் வஞ்சிரத்த இன்னா பண்றது, தலைக்கு வச்சுப் படுக்கிறதா?”

“மேசைல இருக்கிறது போர்டுல இருக்கணும் பாய். வஞ்சிரத்துக்கு எழுத்து இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்த அம்சா அக்காவைப் பார்த்தார். வஞ்சிரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். நானும் ஓடினேன். கட்டுமரம் இழுத்துக்கொண்டிருந்த மீனவரிடம், இதை வைத்துக்கொண்டு சூரை கொடு என்றார். அந்த ஆள் வஞ்சிரத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

“பாயி, வெயிலு தலைக்கு ஏறிக்கிச்சா?”

“ஏறல. எழுத்து எறங்கிக்கிச்சு. குட்றா.”

ஒரு கூடை சூரை கிடைத்தது. அந்த மனிதன் நாங்கள் மனம் மாறுவதற்குள் வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினான்.

போர்டை முடித்து நின்றேன். TOMATO, TUNA, PRAWNS, KHATTA, BOONDI. சூரையை நடுவில் வைத்திருந்தேன். நாலே எழுத்து, இரண்டு பக்கமும் காற்று. W-வை மட்டும் பார்க்கவே பயமாக இருந்தது. அசல் W-வுக்குக் கை விரிந்திருக்கும். இது நேராக, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டுக் கையைத் தூக்கின பையன் மாதிரி நின்றது. இரண்டு வரிக்கு மேலே அதன் கூடப் பிறந்த M வேறு, ஒப்பிட்டுப் பார் என்று நின்றது.

சார் வந்தார். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார், பின்னால் பஸ். சார் அவசரப்படவில்லை. கீழ் வரியின் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். I, D, N. உதடு அசைந்தது. பூந்தி முடிந்தது. கட்டாவில் கொஞ்சம் நின்றார், புருவம் ஏறியது, தாண்டினார். S. N. அப்புறம் நின்றுவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என் காதில் கடல் சத்தம் மட்டும்தான் இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு கிட்டே போனார். கை அந்த எழுத்துக்கு நீண்டது. பிடுங்கப் போகிறார், முட்டி போட்ட பையனும் நானும் ஒன்றாக வெளியே போகப் போகிறோம் என்று கண்ணை மூடினேன்.

டக் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் கட்டை விரலால் அதை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார்.

“குச்சி சரியா உட்காரலை கோதண்டம். ஆடுது” என்றார். மேலே போனார். கடைசி T-க்கு வந்ததும் “ம்.”

முதலாளி உள்ளே வந்து போர்டைப் பார்த்தார். “இதென்ன தாமு, நாலாவது?”

சாருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். “இன்னைக்கு விசேஷம் சார்” என்றார், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

குழுவில் எல்லாரும் வயதானவர்கள். எறாவும் சூரையும் அவர்களுக்குத் தெரிந்த பெயர். தெரியாத பெயர் ஒன்றுதான். அதனால் எல்லாரும் அதையே கேட்டார்கள். காதர் பாய் காரத்தில் யாருக்கும் சலுகை காட்டுகிறவர் இல்லை. முதல் வாய்க்கு ஒரு பெரியவர் இருமினார், இரண்டாவதுக்கு அழுதார், மூன்றாவதுக்குக் கிண்ணத்தை நீட்டினார். ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சமையலறைக்குள் வந்து காதர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்சா அக்கா பயந்துபோய் அவருக்கும் ஒரு கரண்டி ஊற்றியது. பூந்தியை அவர்கள் எண்ணி எண்ணித் தின்றார்கள். பஸ் கிளம்பும்போது முதலாளி ஜன்னலிலிருந்து, “தாமு, அந்த நாலாவதை எடுத்துடாதே” என்றார்.

பஸ் மறைந்ததும் சார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். “பெட்டி?”

அம்சா அக்கா வாளியைக் கொண்டுவந்து வைத்தது. சார் உள்ளே கையை விட்டு ஒரு E-ஐ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்தார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை, அதனால் அது சிரிப்பு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் காதர் பாய் ஆரம்பித்தார், அம்சா அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தது. நான்தான் கடைசி. என் விஷயம் இன்னும் முடியவில்லையே.

“சார், என் ஆர்டர்?”

“முதலாளி கையெழுத்தோட என் டிராயர்ல இருக்கு. பெட்டி நிறைஞ்சதும் வெளியே வரும். வேக வச்சது மூணு பேரும். செலவும் மூணு பேரோடது.”

மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போய், பாரிமுனையில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தேன். விலை பன்னிரண்டே முக்கால் ரூபாய். தங்கச்சியின் உண்டியலை உடைத்து முழுப் பணத்தையும் நானே போட்டேன். சாயந்திரம் பெட்டியை சார் மேசையில் வைத்தேன், அவர் E-க்களை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு டிராயரைத் திறந்தார். அந்தக் காகிதத்தை வாங்கி, கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக ஒரு தடவை படித்தேன். அதை வைத்துத்தான் இரண்டு தங்கச்சிகளுக்கும் கல்யாணம், எனக்கும் கல்யாணம், கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு.

அம்சா அக்கா தன் பங்கை மாதா மாதம் சில்லறையாக முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துத் தீர்த்தது. காதர் பாய் இப்போது சதுரங்கப்பட்டினத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். போன வாரம்கூடப் போயிருந்தேன். “எம்பங்கா? கட்டா கண்டுபுட்சதே நானு, நீதான் எனுக்குக் கொடுக்கணும்” என்று சொல்லிவிட்டு மருமகளிடம் எனக்கு இலை போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாலேகால் ரூபாய் இன்னும் வரவில்லை.